பதினாறாம் நாளும் பதினாறு நாள் விடுப்பும்

என் அப்பா 2024 ஜூலை 2ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமானார். அவருடைய காரியங்களுக்காக நான் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களில் நான்கினைச் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதி, அந்த மாதச் சம்பளத்தில் 520 ரிங்கிட்டை நிறுவனம் பிடித்துக்கொண்டது. அந்த நான்கு நாட்களும் சட்டப்படி சம்பளத்தோடு எனக்குச் சேர வேண்டியவை என்பது தெரிய வந்தபோது அக்டோபர் மாதம் ஆகிவிட்டது. பணத்தை மீட்க அடுத்த ஆண்டு மே மாதம் வரை அலைந்தேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சலும் அழுகையும் மிச்சமாகியிருக்கும் என்று அந்த மாதங்களில் பலமுறை நினைத்துக்கொண்டேன். அதனால் நடந்ததை வரிசையாக, தொகைகளோடு இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2018 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் வட்டாரத்திலுள்ள ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். திங்கள் முதல் சனி வரை வேலை. சனிக்கிழமை அரை நாள். சேர்ந்தபோது சம்பளம் 2,400 ரிங்கிட். 2024இல் அது 3,380 ஆக உயர்ந்திருந்தது. ஒப்பந்தத்தில் ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 8 நாள், அதன் பிறகு 12 நாள், அதற்கு மேல் நிர்வாகத்தின் விருப்பம் என்று இருந்தது. மருத்துவ விடுப்பு 14 நாள். கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு அந்தத் தாளை நான் எடுத்துப் பார்க்கவே இல்லை. எவ்வளவு விடுப்பு மீதமிருக்கிறது என்பதைக் கைப்பேசியிலுள்ள செயலி காட்டும். அது காட்டிய எண்ணையே நம்பியிருந்தேன்.

என் கதை புரிய வேண்டுமானால் சட்டத்தில் நடந்த ஒரு மாற்றத்தை முதலில் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் ஊழியர்களின் விடுப்பைத் தீர்மானிப்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. இந்தச் சட்டம் பொதுவாக மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்காதவர்களையும், சம்பளம் எவ்வளவானாலும் உடலுழைப்பு போன்ற சில வேலைகளைச் செய்பவர்களையும் மட்டுமே பாதுகாத்து வந்தது. என்னைப் போன்ற அலுவலக ஊழியருக்கு அந்த வரம்புக்கு மேல் ஒப்பந்தம் சொல்வதுதான் கணக்கு. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது அந்தத் தடை நீங்கியது. இப்போது சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஊழியர்கள் அனைவரும் சட்டத்துக்குள் வருகிறார்கள். 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு மிகைநேர ஊதியம், வேலை நிறுத்தப்படும்போது தரும் இழப்பீடு போன்ற சில பிரிவுகள் மட்டும் பொருந்தா. விடுப்புப் பிரிவுகள் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அந்த இரண்டாயிரம் ரிங்கிட் கணக்கு நம்மவர்களின் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. என் மாமா, பக்கத்து மேசைத் தோழி, எங்கள் மனிதவளப் பிரிவு அதிகாரி என்று மூன்று பேர் எனக்கு அதையே சொன்னார்கள். மூவருக்கும் என்னைக் கெடுக்கும் எண்ணம் இல்லை. அவர்கள் அறிந்திருந்தது பழைய சட்டம்.

2024 ஜனவரி 25ஆம் தேதி தைப்பூசம். பினாங்கு மாநிலத்தில் அது பொது விடுமுறைதான். ஆனாலும் எங்கள் நிறுவனத்தின் அந்த ஆண்டுப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. சட்டப்படி ஒரு முதலாளி ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். அவற்றுள் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆளுநரின் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மற்ற ஆறினை அரசாங்கம் அறிவித்த நாட்களிலிருந்து முதலாளியே தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்குமுன் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஆகவே அந்த நிறுவனம் தவறு செய்யவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அப்பாவோடு போக நான் ஒரு நாள் ஆண்டு விடுப்பு எடுத்தேன். அவர் நடந்து மலையேறிய கடைசித் தைப்பூசம் அதுவாகிப் போனதால் அந்த ஒரு நாளுக்கு நான் வருந்தவில்லை. ஆனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்தப் பட்டியலைப் படித்துவிடுங்கள். எந்தெந்த நாளுக்குச் சொந்த விடுப்பைச் செலவழிக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா இல்லை, அண்ணன் சிங்கப்பூரில். மருத்துவமனைக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் அவரைக் கொண்டுபோவது என் பொறுப்பாயிற்று. ஜூன் மாத இறுதிக்குள் எட்டு நாள் விடுப்பு அதில் கரைந்தது. தைப்பூசத்தோடு சேர்த்து ஒன்பது. செயலி 'மீதம் 3' என்று காட்டியது. பெற்றோரைக் கவனிப்பதற்கென்று தனி விடுப்பு எதையும் நம் சட்டம் தரவில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

அப்பா இறந்த அன்று காலை ஆறு மணிக்கு என் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். அவர் நல்லவர், மாலையில் வீட்டுக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போனார். ஊழியர் கையேட்டில் பெற்றோர் இறப்புக்கு இரண்டு நாள் விடுப்பு என்று இருந்தது. அந்த இரண்டோடு மீதமிருந்த மூன்று நாள் ஆண்டு விடுப்பையும் சேர்த்து ஐந்து நாள் எடுத்தேன். எட்டாம் நாளுக்கு ஒரு நாள், பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கும் அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று நாள் என்று மேலும் நான்கு நாள் கேட்டபோது, சம்பளமில்லாமல்தான் தர முடியும் என்றது மனிதவளப் பிரிவு. இத்தனை நாள் சடங்கு எதற்கு என்று அந்த அதிகாரி தொலைபேசியில் கேட்டார். அவருக்கு நம் வழக்கம் தெரியாது என்பது இப்போது புரிகிறது. அன்று, வாசலில் பந்தல் பிரிக்கப்படாத வீட்டில், அப்பாவின் படத்துக்கு முன் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என் நெஞ்சை அறுத்தது. சம்பளம் போனால் போகட்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இறப்பு விடுப்பு, திருமண விடுப்பு ஆகிய இரண்டும் வேலைவாய்ப்புச் சட்டத்தில் இல்லை. அவை முழுக்க முழுக்க ஒப்பந்தத்தையும் கையேட்டையும் பொறுத்தவை. சில இடங்களில் மூன்று நாள், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. சட்டத்திலேயே இருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் நோயுற்ற பெரியவர் இருந்தால் உங்கள் கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்றே படியுங்கள். மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி அதில் அடங்குவார்களா என்றும் பாருங்கள். ஆண்டு விடுப்பில் நான்கைந்து நாட்களையாவது தொடாமல் வையுங்கள். பதினாறு நாள் காரியம் செய்யும் குடும்பங்களுக்கு அந்தச் சேமிப்பைத் தவிர வேறு வழியில்லை.

ஜூலை மாதச் சம்பளச் சீட்டில் 520 ரிங்கிட் கழிக்கப்பட்டிருந்தது: 3,380ஐ 26ஆல் வகுத்து, ஒரு நாளுக்கு 130 வீதம் நான்கு நாள். இந்தக் கணக்கிலும் பிழை இருந்ததைப் பிறகு கண்டுகொண்டேன். விடுப்புக்குப் பதிலாகப் பணம் கொடுப்பது போன்ற கணக்குகளுக்குத்தான் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்தின் சம்பளத்தை அந்த மாதத்திலுள்ள மொத்த நாட்களை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2023 முதல் நடப்பிலுள்ள 18ஏ பிரிவு சொல்கிறது. ஜூலைக்கு 31 நாள்; அப்படிப் பார்த்தால் நான்கு நாளுக்குக் கழிக்க வேண்டியது ஏறக்குறைய 436 ரிங்கிட்தான். கழித்ததே தவறு என்றாலும், கழித்த முறையிலும் 84 ரிங்கிட் கூடுதலாகப் போயிருந்தது. சம்பளச் சீட்டில் கழிவு இருந்தால் எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஆகஸ்ட் மாதம் எனக்கே உடல் விழுந்தது. 4ஆம் தேதி ஞாயிறு இரவு கடும் காய்ச்சல். நிறுவனம் நியமித்த கிளினிக்குகள் இரண்டும் தீவில், பாயான் லெப்பாஸ் பக்கத்தில் இருந்தன. ஞாயிறு இரவு இரண்டும் மூடியிருக்கும். பட்டர்வொர்த்தில் இரவு முழுவதும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போய், 95 ரிங்கிட் கொடுத்து, திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கு எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் வாங்கினேன். திங்கள் காலை ஏழரை மணிக்கு அதைப் படமெடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். புதன்கிழமை டெங்கி என்று உறுதியாகி அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பி, அந்த வாரம் முழுவதும் ஓய்வெடுக்க ஐந்து நாள் எம்.சி. கொடுத்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அப்பா இருந்திருந்தால் எத்தனை முறை கூப்பிட்டு விசாரித்திருப்பார் என்று எண்ணி எண்ணி அழுதேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன்தான் மருத்துவமனையில் சேர்த்ததற்கான சீட்டைப் படமெடுத்து என் மேற்பார்வையாளருக்கும் மனிதவளப் பிரிவின் மின்னஞ்சலுக்கும் அனுப்பினார். அந்தச் சிறிய வேலை பிறகு என்னைக் காப்பாற்றியது.

19ஆம் தேதி வேலைக்குத் திரும்பியபோது மேசை மேல் எச்சரிக்கைக் கடிதம் காத்திருந்தது. முதல் இரண்டு நாள் எம்.சி. நிறுவனத்தின் கிளினிக்கில் வாங்கப்படாததால் ஏற்கப்படவில்லை, ஆகவே அனுமதியின்றி வராத நாட்கள் என்று எழுதியிருந்தார்கள். அது மட்டுமன்று. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நான் எடுத்திருந்த ஆறு நாள் மருத்துவ விடுப்போடு மருத்துவமனையில் இருந்த ஐந்து வேலை நாட்களையும் ஓய்வெடுத்த ஐந்து நாட்களையும் கூட்டி, 14 நாள் வரம்பை இரண்டு நாள் தாண்டிவிட்டேன் என்று கணக்கிட்டிருந்தார்கள். மொத்தம் நான்கு நாள், மீண்டும் 520 ரிங்கிட். ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட காரணமில்லாமல் வராமல் இருந்ததில்லை. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சட்டத்தின் 60எஃப் பிரிவு சொல்வது வேறு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை தனியாக உண்டு. முன்பு சாதாரண எம்.சி. நாட்களும் அந்த 60க்குள் அடங்கின. 2023இலிருந்து அவை அதில் கழிக்கப்படுவதில்லை. நிறுவனம் நியமித்த மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும் என்பது உண்மை. ஆனால் நோயின் தன்மையையும் சூழ்நிலையையும் பார்க்கும்போது அவரை நியாயமான நேரத்திலோ தொலைவிலோ அடைய முடியாது என்றால், பதிவு பெற்ற வேறு மருத்துவரிடமோ அரசாங்க மருத்துவ அதிகாரியிடமோ போகலாம். அந்தச் செலவும் முதலாளியுடையது. ஆக, என் கணக்கில் கிளினிக் எம்.சி. இரண்டையும் சேர்த்தாலே 22க்கு 13 நாள்தான் முடிந்திருந்தது. மருத்துவமனையின் ஐந்து நாட்கள் 60இல் அடங்க வேண்டியவை. ஒரு காசுகூட கழித்திருக்கக் கூடாது.

இதில் ஊழியர் தவறவிடக் கூடாத கடமை ஒன்று இருக்கிறது. மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், குறைந்தது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் எம்.சி. இருந்தாலும் காரணமின்றி வராதவராகவே கருதப்படுவீர்கள். தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் அனுமதியும் நியாயமான காரணமும் இல்லாமல், தகவலும் சொல்லாமல் இருந்தால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகச் சட்டம் கொள்ளும். ஓர் ஆண்டின் வேலை நாட்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அப்படி வராமல் இருந்தால் ஆண்டு விடுப்பு உரிமையே போய்விடும். ஆகவே எச்சரிக்கைக் கடிதம் வெறும் தாள்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். நான் அன்று வாயால் மட்டுமே மறுத்தேன். தொலைபேசியில் சொன்னேன், சக ஊழியரிடம் சொல்லி அனுப்பினேன் என்பவை ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. வாட்ஸ்அப் செய்தியில் நேரம் பதிவாகியிருக்கும். அதை அழிக்காமல், திரையைப் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை வெளிப்பட்டது தற்செயலாக. அக்டோபர் தொடக்கத்தில் சித்தி வீட்டில் நவராத்திரிக் கொலு பார்க்கப் போயிருந்தபோது, ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் சித்தி மகள், தனக்கு ஐந்து ஆண்டு நிறைந்துவிட்டதால் ஆண்டு விடுப்பு பதினாறாகிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். உங்கள் நிறுவனம் தாராளமானது என்றேன். "அக்கா, அது கம்பெனி கொடுப்பது இல்லை, சட்டம்" என்றாள். அன்றிரவே தொழிலாளர் இலாகாவின் இணையத்தளத்திலிருந்து சட்டத்தை இறக்கிக்கொண்டேன். மூன்று இரவுகள் மலாய்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் அருகருகே வைத்துப் படித்தேன். 60இ பிரிவில் அவள் சொன்னதே இருந்தது: இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் 8 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 16 நாள். எனக்கு ஐந்து ஆண்டு நிறைந்தது 2023 ஆகஸ்டில். 2024 முழுவதற்கும் எனக்குப் பதினாறு நாள். பன்னிரண்டை எடுத்த பிறகும் ஜூலையில் சரியாக நான்கு நாள் மீதமிருந்திருக்கிறது. அப்பாவின் எட்டாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் தேவைப்பட்ட அதே நான்கு நாள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, உடம்பெல்லாம் தளர்ந்துபோனது. அந்தத் தொலைபேசி உரையாடலே தேவையில்லாமல் நடந்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் நான்தானே பன்னிரண்டு நாளுக்குக் கையெழுத்திட்டேன் என்ற குற்ற உணர்வும் இருந்தது. அதற்கும் 7ஆம் பிரிவில் பதில் கிடைத்தது: சட்டம் தருவதைவிடக் குறைவாக ஒப்பந்தம் தந்தால் அந்த விதி செல்லாது, அதன் இடத்தில் சட்டத்தின் அளவே நிற்கும். சட்டத்தைவிட அதிகமாகத் தந்தால் ஒப்பந்தம் சொல்வது செல்லும். நாம் என்ன கையெழுத்திட்டாலும் அடியில் ஒரு தரை இருக்கிறது.

அக்டோபர் நடுவில் மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வாய்மொழியாக வந்தது: உனக்கு 2,000க்கு மேல் சம்பளம், இந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது. 2023ஆம் ஆண்டு மாற்றத்தைச் சுட்டி மீண்டும் எழுதினேன். தலைமையிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தீபாவளி கடந்தது, பதிலில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நவம்பர் 1ஆம் தேதி இரண்டு மாத முன்னறிவிப்போடு விலகல் கடிதம் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் சொல்லப்படாதபோது, ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்குச் சட்டம் வைக்கும் அளவு எட்டு வாரம்; எங்கள் ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த முடிவில் எனக்கு இன்றும் முழு நிறைவில்லை. எழுத்தில் பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம், வேலையில் இருந்தபடியே புகார் செய்திருக்கலாம். உங்களை நீக்கினாலோ, நீங்களே விலகும்படி நெருக்கினாலோ, திரும்ப வேலையில் அமர்த்தக் கோரும் மனுவை 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின்படி 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அது விடுப்புப் பணக் கோரிக்கையிலிருந்து வேறுபட்டது, வேறு இலாகாவுக்குப் போவது. துக்கத்தில் நாட்களை எண்ணத் தோன்றாது, ஆனால் அந்த 60 நாள் யாருக்காகவும் காத்திருக்காது.

2025 ஜனவரியில், புதிய வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், தொழிலாளர் இலாகாவில் புகாரைப் பதிவு செய்தேன். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டியதும் இல்லை. மலாயில் நிரப்ப வேண்டிய படிவத்தோடு ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், எம்.சி. நகல்கள், செய்திகளின் அச்சுப் பிரதிகள் ஆகியவற்றைக் கொடுத்தேன். கோரிய தொகை 1,655 ரிங்கிட். ஜூலைக் கழிவு 520, ஆகஸ்டுக் கழிவு 520, கிளினிக் கட்டணம் 95, மீதம் 520 என்பது 2023ஆம் ஆண்டில் நான் இழந்த நான்கு நாள் விடுப்புக்காக. அந்த ஆண்டு டிசம்பரில் கணக்கு முடிக்கும் வேலை இருந்ததால் யாரும் விடுப்பு எடுக்க வேண்டாம் என்று எங்கள் மேலாளர் கூட்டத்தில் வாயால் சொல்லியிருந்தார். ஆண்டு மாறியதும் செயலியில் அந்த நான்கு நாள் மறைந்துவிட்டது. சட்டப்படி ஓர் ஆண்டு வேலைக்கான விடுப்பை, அந்த ஆண்டு முடிந்து அடுத்த 12 மாதத்துக்குள் எடுக்கலாம். அதற்குள்ளும் எடுக்காவிட்டால்தான் உரிமை போகும். முதலாளியே கேட்டுக்கொண்டு, விடுப்பை எடுக்காமல் இருக்க ஊழியர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், அதற்குப் பதிலாகப் பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டு முறை அழைத்தார்கள், மார்ச்சில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை. ஆவணம் கொடுக்கவும் இருமுறை போனதால் மொத்தம் நான்கு நடை. புதிய வேலையில் இரண்டு நாள் சம்பளம் போயிற்று. முதல் நாள் எனக்குக் கைகள் நடுங்கின. நிறுவனத்தின் சார்பில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆறு ஆண்டுகள் எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொன்னவர். ஆனால் இலாகா அதிகாரி யாரையும் அதட்டவில்லை; தேதி, எண்ணிக்கை, ஆவணம் ஆகிய மூன்றையே கேட்டார். பதினாறு நாள் என்பதில் நிறுவனத்துக்கு மறுப்புச் சொல்ல இடமில்லை. எம்.சி. விவகாரத்தில் திங்கள் காலை ஏழரை மணிச் செய்தியும் அண்ணன் அனுப்பிய மின்னஞ்சலும் பேசின. 2023ஆம் ஆண்டின் நான்கு நாளுக்கு வந்தபோது, விடுப்புக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டதற்கான எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மேலாளர் சொன்னதைக் கேட்டு நான் விண்ணப்பிக்கவே இல்லை. முழு விசாரணைக்குப் போகலாம், அல்லது இங்கேயே சமரசம் செய்துகொள்ளலாம் என்றார். நான் களைத்திருந்தேன். 1,135 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரத்தில் பணம் வந்தது. எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவதாக நிறுவனத்தின் பேராளர் வாயால் சொன்னார். எழுத்தில் இன்றுவரை வரவில்லை. பணத்தைவிட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மேலாளர் விடுப்பு வேண்டாம் என்றாலும் செயலியில் விண்ணப்பித்துவிடுங்கள். மறுக்கட்டும், அந்த மறுப்பே உங்கள் சாட்சி. எந்த நாளில் விடுப்பு என்பதற்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைதான், ஆனால் எத்தனை நாள் என்பதை அவர்கள் குறைக்க முடியாது. ஆண்டு விடுப்பில் இருக்கும்போது நோய்வாய்ப்பட்டு எம்.சி. கிடைத்தால், அந்த நாட்களை ஆண்டு விடுப்பாகக் கழிக்கக் கூடாது. விடுப்புக்கு நடுவே பொது விடுமுறை வந்தால் அதற்கு மாற்று நாள் தர வேண்டும். வேலையை விட்டு விலகும்போது, முன்னறிவிப்புக் காலத்திலேயே மீதமுள்ள விடுப்பை எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. மணமான ஆண்களுக்கு ஏழு நாள் தொடர் விடுப்பு உண்டு, ஆனால் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்னதாகவோ, குழந்தை பிறந்ததும் முடிந்த விரைவிலோ தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உணவகங்களிலும் கடைகளிலும் உழைக்கும் தம்பிகளுக்கும் இதே விடுப்பு உண்டு என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் தேநீர் ஆற்றும் பையனிடம் சொன்னபோது, எம்.சி. எடுத்தால் சம்பளம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

புதிய நிறுவனத்தில் எனக்கு அப்போது சோதனைக் காலம். சோதனைக் காலத்தில் விடுப்பே கிடையாது என்பதும் சட்டத்தில் இல்லாத வழக்கம். ஓர் ஆண்டு நிறையாதவருக்கு முடித்த மாதங்களின் விகிதப்படி விடுப்பு உண்டு, அரை நாளோ அதற்கு மேலோ மிஞ்சினால் அதை ஒரு நாளாகக் கொள்ள வேண்டும். மே மாத முடிவில் எனக்கு ஐந்து மாதம் நிறைந்தது. எட்டு நாளில் பன்னிரண்டில் ஐந்து பங்கு என்றால் மூன்று நாளும் கொஞ்சமும். கொஞ்சத்தை விட்டுவிட்டு மூன்று. அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு ஒரு நாள் வேண்டும் என்று ஐந்து வாரம் முன்னதாக மின்னஞ்சல் எழுதி, காரணத்தையும் மறைக்காமல் குறிப்பிட்டேன். மறுநாளே ஒப்புதல் வந்தது. அதை அச்சிட்டு, ஒப்பந்தம் இருக்கும் கோப்பில் வைத்தேன். அன்று அண்ணனும் வந்திருந்தார்; காலையில் பிண்டம் வைத்து முடித்து, மதியம் அப்பாவுக்குப் பிடித்த மொச்சைக் குழம்போடு இலை போட்டோம். என் கைப்பேசி சாயங்காலம் வரை ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.